நீளம் பூஜ்யம்

செக்காலை ரோட்டில் மாடி அறை.
கீழே பெயின்ட் கடை; அதன் ஷட்டர் இறங்கிய பிறகுதான்
என் வேலை ஏறும்.
அசெம்ப்ளர் ஓடுவது வேறு கண்டத்தில்,
அங்கே இப்போது பட்டப்பகல்.
இங்கே இன்வெர்ட்டர் முனகுகிறது.

"ராத்திரி பூரா என்னதான் எழுதுறே?"
வாடகை ரசீதோடு வந்த உமையாள் கேட்டாள்.
யூசர் எக்ஸிட் என்றேன்.
"வேலையை விடப் போறியா?"

இல்லை உமையாள், பெயர் மட்டும்தான் எக்ஸிட்.
அசெம்ப்ளர் ஒரு வரியை எடுக்கும்,
விழுங்குமுன் என்னிடம் நீட்டும்.
நான் திருத்தலாம், புதிதாய் ஒன்றைச் செருகலாம்.
அச்சுக்கு அனுப்புமுன்னும் அப்படியே.
முடிந்ததும் திரும்ப வேண்டிய விலாசம்
பதினான்காம் ரெஜிஸ்டரில்.
அதைத் தொலைத்தவன் தொலைந்தான்.
நம்மூரில் வாசல் தாண்டும் யாரும்
போறேன் என்பதில்லையே,
போய்ட்டு வரேன்தானே.
அவ்வளவுதான் எக்ஸிட்.

ரசீதை மடித்து ஸ்டூலில் வைத்தாள்.
"கரண்ட் பில் தனி."

உள்ளே வரும் பக்கம் சுலபம்.
எண்பது எழுத்து அகலம்;
எழுபத்திரண்டாம் கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும்
அடுத்த வரி இதன் வால்.
யாரோ டேப் அடித்துச் சிதறவிட்டவற்றை
இழுத்து நிமிர்த்தி உட்கார வைக்க
மூன்று ராத்திரி.

வெளியே போகும் பக்கத்தில்
ஏற்கனவே ஒருவர் இருந்தார்.
எண்பத்தாறாம் வருஷம். டி. டபிள்யூ. என்று மட்டும் கையெழுத்து.
குறிப்பு ஒரே சொல்: தற்காலிகம்.
ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கை லிஸ்டிங்குக்கு வந்தால்
அந்த வரியின் நீளத்தைப் பூஜ்யமாக்குகிறார்.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
நீளமில்லாத வரியை எந்தப் பிரின்டர் அச்சிடும்?
பதினைந்தாம் ரெஜிஸ்டரில் சைபர்:
எல்லாம் நலம், போய்ட்டு வந்தாச்சு.

கழற்றிவிட்டு ஓட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்,
புற்றிலிருந்து ஈசல் மாதிரி.

ஜெரோம் போனில் வந்தார்.
"ஆடிட்டர் பார்க்கிற லிஸ்டிங் அது.
இத்தனை நாள் சுத்தமா இருந்துச்சு.
இருக்கட்டுமே."

காலையில் வாடகை கொடுக்கப் பின்கட்டுக்குப் போனேன்.
வயிரவனுக்குக் கண் ஆபரேஷன், பச்சைத் திரை கட்டியிருந்தார்.
அவர் போனில் வந்ததை உமையாள் வாசித்துக்கொண்டிருந்தாள்:
பள்ளத்தூர் வீட்டுக்குப் பதினாலு பங்கு,
பினாங்குப் பங்காளி எழுதியிருக்கிறான்.
மழை, சர்க்கரை, பேத்திக்குக் காதுகுத்து.
நான் அவள் தோளுக்குப் பின்னால்.
திரையில் ஐந்து வரி.
வாயில் நாலு.
தூணுக்கு விலை பேசியாச்சு என்ற மூன்றாவது
அவள் நாக்கில் படவேயில்லை.
மூச்சுகூடத் தட்டவில்லை.
டி. டபிள்யூ.வே இவ்வளவு சுத்தமாய் எழுதியதில்லை.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
"காபி குடிக்கிறியா?"

அன்றிரவு அந்த எக்ஸிட்டை மறுபடி மாட்டினேன்,
ஜெரோம் சொன்னபடி.
ஆனால் ஒவ்வொன்றை விழுங்கும்போதும்
ஒரு விரல் மடக்கினேன்.
கடைசிப் பக்கம் முடிகிற இடத்தில்
என் பங்குக்கு ஒரு வரி:
இங்கே 312 வரிகள் காட்டப்படவில்லை.

ராமேஸ்வரம் ரயில் கூவிக்கொண்டு போனது.
ஜெரோமிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

உமையாளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
என்ன சொல்வது? அது என் வீடும் இல்லை, என் தூணும் இல்லை.
ஆனாலும் வெள்ளிக்கிழமை
அடுத்த சேதியை வாசிக்கும்போது
இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவில்
ஒருதரம் இருமினாள்.

பச்சைத் திரை அவள் பக்கம் திரும்பியது.
"அவ்வளவுதானா?" என்றார் வயிரவன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல்
படியேறினேன்.